இரண்டாவது வணக்கம்

வகுப்பில் நான் குரலை உயர்த்தியதே இல்லை, ஐயா. என்னிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பத்தொன்பது வருடங்களாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவந்தேன். மனச்சிதைவு நோயாளியின் முகம் மரம்போல இருக்கும். அதை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், நமக்கு வலிப்பதுபோலத்தான் அவர்களுக்கும் வலிக்கிறது. சியோலில் முதன்முதலாக இதைச் சொன்னபோது மூத்த மருத்துவர்கள் சிரித்தார்கள். "என்ன பியோ, கல்லுல நார் உரிக்கக் கெளம்பிட்ட" என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பு என்னை நெடுநாள் உறுத்தியது.

சோகப் படங்களைப் போட்டுக் காட்டி, விரல் நுனியில் கம்பி ஒட்டி, வியர்வையை அளப்பதுதான் எங்கள் ஆய்வு. சுன்ச்சோன் நகருக்கு வெளியே இருந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அந்தப் படங்கள் சலித்துப்போயின. திரையில் வியர்வைக் கோடு படுத்துவிட்டது. சினிமாத் துக்கம் போதவில்லை, நிஜத் துக்கம் ஒன்று தேவைப்பட்டது.

ஹேரன் என்ற பெண் நோயாளிக்கு அப்போது நாற்பது வயது. பதினாறு வருடமாக அந்த வார்டில் இருந்தார். வியாழக்கிழமைதோறும் அவருடைய தாயார் இரண்டு பஸ் மாறி வருவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் எல்லாரும் ஹேரன் அம்மா என்றே கூப்பிட்டோம். சோறு ஊட்டுவார், கூடவே திட்டுவார். "சிரிக்கத்தான் மாட்டேங்குற, வாயையாவது தொறயேன்டி. கிம்ச்சி என்ன காது வழியாவா போகும்?" ஹேரன் வாயைத் திறப்பார். முகம் அசையாது. ஆனால் வியாழக்கிழமை காலையில் மட்டும் அவர் தானாகத் தலைவாரிக்கொள்வதாக நர்ஸ் பாங் சொல்லியிருந்தார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விரல்களில் கம்பியை ஒட்டிவிட்டு, "உங்க அம்மா நேத்து இறந்துட்டாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதாகத் திட்டம்.

கோடு திரையின் விளிம்பைத் தாண்டிப் போனது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஹேரன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல, சார்."

எங்கள் கொரிய மொழியில் அந்த ஒரு சொல்லால் வேண்டும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், செத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லலாம். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். துக்கம் எத்தனை நாள் தங்குகிறது என்று இவர்களிடம் யாரும் அளந்ததில்லை. எனவே உண்மையை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். பிறகு இன்னொரு வாரம்.

தாயாரிடம், சிகிச்சை முடியும்வரை பார்க்கவும் கூடாது, போனில் பேசவும் கூடாது என்றேன். "நான் என்னங்க தப்பு பண்ணேன்? ரொம்பத் திட்டிட்டேனா?" என்று கேட்டார். கொஞ்சம் அப்படித்தான் என்றேன்.

ஹேரன் கட்டுத்துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டுத் தலையில் செருகிக்கொண்டார். பெற்றோரை இழந்த பெண்கள் செருகும் வெள்ளை முடிச்சு அது. தினமும் காலைச் சோற்றை ஜன்னலோரம் வைத்து இரண்டு முறை விழுந்து வணங்கினார். உயிரோடிருப்பவருக்கு ஒரு வணக்கம், இறந்தவருக்கு இரண்டு. இது எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும்.

நர்ஸ் பாங் என்னை வழிமறித்தார். "ஹேரன், தன் அம்மா செத்துட்டாங்கன்னு சொல்றாங்க, சார். அந்தம்மா தெனம் எனக்கு போன் பண்ணி அழுவுறாங்க. செத்தவங்க போன் பண்ணுவாங்களா?"

"அது பிரமைம்மா. நோட்டுல எழுதிடுங்க" என்றேன்.

எழுதினார். வார்டு மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். வார்டில் எல்லாரும் அன்பாக, உங்கள் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஹேரனுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர் செவ்வாய்க்கிழமைகளில் என்னிடம் மட்டும் கேட்பார். "சார், அம்மா போயிட்டாங்கதானே?" ஆமாம் என்பேன். அவர் நம்பியது என்னைத்தான்.

ஒன்பதாவது வாரம் ஹேரனின் பிறந்தநாள். தடையை மீறித் தாயார் கடற்பாசி சூப்போடு வந்துவிட்டார். அது இல்லாமல் எங்களுக்குப் பிறந்தநாள் இல்லை. நர்ஸ் பாங் கதவைத் திறந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

ஹேரன் எழுந்து அவரைப் பார்த்தார். விழுந்து வணங்கினார். தாயாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரிடி கழுத, சூப்பு ஆறுது."

ஹேரன் எழுந்தார். மறுபடியும் விழுந்து வணங்கினார்.

சூப் தரையில் கொட்டியது. தாயார் கத்தவில்லை. மண்டியிட்டு, கழுத்துத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே, "நான் இருக்கேன்டி, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே ஹேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பரவாயில்ல, சார்" என்றார். நம்பவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. தாயார் இன்றும் வியாழக்கிழமை வருகிறார். மகள் இரண்டு முறை வணங்கி, தன் சோற்றை அவர்முன் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். தாயார் கையால் சாப்பிடுவதில்லை. தலை வாருவதுமில்லை.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. சிரித்த மருத்துவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆமாம், நான்தான் செய்தேன், ஒன்பது வாரமும் தெரிந்தேதான். உங்கள் விசாரணைக் குறிப்பில் ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒருமுறையாவது அவர் கண் கலங்கியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஐயா.