பொட்டு வைத்த கார்டு

"நீ வச்ச பொட்டு ஜெயிச்சிடுச்சுடி!"

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் அமாவாசை பஸ்ஸில், முன் சீட்டுக்காரன் போனைப் பார்த்துக் கத்தினான். பழைய கம்ப்யூட்டர் பாகங்களை ஆன்லைனில் விற்கிறவனாம். பக்கத்தில் அவன் மனைவி.

"இன்னா மாமா சொல்றாங்க?"

"வாங்குனவன் திருப்பி அனுப்புனது நம்ம கிராபிக்ஸ் கார்டே இல்லன்னு கம்பெனில ஒத்துக்கிட்டாங்க. நம்ம விக்கிற கணக்க மூட மாட்டாங்களாம்."

"நல்லத வச்சிக்கினு செத்த கார்ட அனுப்புனானே, பொட்டு எங்கன்னு கேட்டியா?"

"'எந்தப் பொட்டு?'ங்கறான். பேக் பண்றப்ப எடுத்த போட்டோவ கம்பெனிக்கு அனுப்பிட்டேன். மஞ்ச குங்குமத்தோட நம்ம கார்டு கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது."

"வீட்ட வுட்டு எது போனாலும் பொட்டு வச்சிதான் அனுப்புவேன்னேன். தொடச்சிடு, ஊரே சிரிக்கும்னு ஒருத்தர் குதிச்சாரே, யாரு அது?"

"அந்தாள செஞ்சி பஸ் ஸ்டாண்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன். கோயில்ல எறங்குனதும் நெறைய குங்குமம் வாங்கு. இனிமே எல்லா பார்சலுக்கும் வைக்கணும்."

"மொதல்ல உன் நெத்தியில வைக்கிறேன் மாமா. இந்தக் கூட்டத்துல யாராவது உன்ன வச்சிக்கினு வேற ஆள திருப்பிக் குடுத்துட்டா?"