பதினோராவது தூண்

அன்று காலை மூடுபனி இருந்ததா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இருந்தது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். இப்போது யோசித்தால், துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருந்தது போலவும் தோன்றுகிறது. வயதாகிறது. ஒரு நாளின் வானம் இன்னொரு நாளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தூண்களைப் பற்றி நான் சொல்வதில் பிழை இருக்காது.

ஐயா, விசாரணையை முடித்து அறிக்கையும் கொடுத்துவிட்டீர்கள். இருந்தாலும் இதைப் படியுங்கள்.

குன்றின் மேலுள்ள அந்தக் காட்சிமுனைக்கு நான் பத்தொன்பது ஆண்டுகள் காவலாளி. விளிம்பை ஒட்டி முப்பத்தாறு இரும்புத் தூண்கள், அவற்றை இணைக்கும் கைப்பிடிக் கம்பி, இரண்டு சிமெண்டு பெஞ்சுகள், தகரக் கூரை போட்ட ஓர் அறை. கீழே நகரம். பேருந்துகளும் கப்பல்களும் கடைத்தெருக் கூட்டமும் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். ஆனால் ஒரு சத்தமும் மேலே வராது. அந்த வேலைக்கு நான் மனுப் போட்டதே அதற்காகத்தான்.

என் மனைவி, இந்த வீட்டில் சுவர் பேசினாலும் பேசும், நீங்கள் பேசமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மகளுக்கு அப்போது ஆறு வயது. அதன்பிறகு விடுமுறை நாட்களில் மகள் என்னோடு மேலே வருவாள். ஆளுக்கொரு பெஞ்சு, ஆளுக்கொரு புத்தகம். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் பேசியதை விரல்விட்டு எண்ணலாம். டீ வேணுமா. வேண்டாம். அவ்வளவுதான். இரண்டு பேர் அதைவிட நெருக்கமாக இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் கட்டிக்கொண்டவர் புகைப்படக்காரர். குறை சொல்ல முடியாத மனிதர். குடி கிடையாது, பொய் கிடையாது. வாய் மட்டும் மூடாது. அவரை முதன்முதலில் மேலே கூட்டிப்போனது நான்தான். அந்த முட்டாள்தனம் என்னுடையது. பதினோராவது தூணருகே நின்றால் துறைமுகம், கடற்கரைச் சாலை, உயரக் கட்டடங்கள் எல்லாம் ஒரே பார்வையில் விழும். அந்தத் தூணில் என் மகளைச் சாய்ந்து நிற்கச் சொல்லி மாப்பிள்ளை ஒரு படம் எடுத்தார். அது கைபேசி கைபேசியாகச் சுற்றியது. அடுத்த மாதத்திலிருந்து ஊரே மலையேறி வந்துவிட்டது.

பாட்டுப் பெட்டியோடு வந்தார்கள். பெஞ்சில் ஆணியால் பெயர் கீறினார்கள். பெரியவரே, கொஞ்சம் ஓரமாப் போங்க, படத்துல விழறீங்க என்று என் இடத்திலேயே என்னை நகர்த்தினார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வெள்ளித் தகடு போன்ற ஒரு வட்டத்தை முகங்களுக்கு வெளிச்சம் திருப்பப் பிடித்துக்கொண்டு, "பல்லு தெரியட்டும், பல்லு தெரியட்டும்" என்று என் மகள் கத்துவாள். அதையும் பொறுத்தேன். ஒருநாள் படக்கருவியின் முக்காலிக்கு அடியில் ஒரு புத்தகத்தைப் பார்த்தேன். கால் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் பாதி படித்து, பக்கத்தை மடித்து வைத்திருந்த புத்தகம். என் கோபம் சத்தம் போடுகிற கோபம் அல்ல. புத்தகத்தை எடுத்துத் துடைத்து அறைக்குள் வைத்தேன். அவள் அதைத் தேடக்கூட இல்லை.

இனி வேலையைப் பற்றி. கடல் உப்பு இரும்பை விட்டுவைக்காது. அதனால் தினமும் காலையில் முப்பத்தாறு தூண்களையும் நான் கையால் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். ஆடுகிற தூணில் சிவப்புத் துணி கட்டுவேன். வியாழக்கிழமைகளில் வெல்டர் வருவார். அவர் எந்தத் தூணையும் தொட்டுப் பார்க்க மாட்டார். துணி எங்கே இருக்கிறதோ அங்கே பற்றவைத்துவிட்டுப் போய்விடுவார். என் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் திங்கட்கிழமை பதினோராவது தூண் ஆடியது. அடியில் நான்கு திருகாணிகளில் மூன்று அரித்துப்போயிருந்தன. துணி கட்டினேன். மறுநாள் மாப்பிள்ளை வந்து முகம் சுளித்தார்.

"மாமா, அந்தத் துணிய மட்டும் கழட்டிடுங்களேன். படத்துல புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி தெரியுது."

முடியாது என்றேன். வியாழன்வரை யாரும் அங்கே சாயக்கூடாது என்றேன்.

"நூறு பேர் சாஞ்சாச்சு மாமா. உங்க தூண் அப்படியேதான் நிக்குது. நாங்க போனாலும் அது போகாது."

மகள் வெள்ளி வட்டத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவரை விடுங்க. அப்பாவுக்குக் காத்து பலமா அடிச்சாலே துணி கட்டணும். விட்டா நமக்கும் ஒண்ணு கட்டிவிட்டுருவார்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னைப் பற்றி வேறொருவரிடம் கேலி பேசி நான் கேட்டது அதுவே முதல்தடவை.

புதன்கிழமை சாயங்காலம், துணியை அவிழ்த்துப் பன்னிரண்டாவது தூணில் கட்டினேன். அது நல்ல தூண்.

வியாழக்கிழமை வெல்டர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னண்ணே, இது பாக்க நல்லாத்தானே இருக்கு?" என்றார். எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "துணி கட்டியிருக்கீங்கன்னா சரிதான். உங்க கை சொன்னா அப்புறம் நான் யாரு" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தீப்பொறி அடங்கியதும் துணியை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தார்.

முன்பின் தெரியாதவர்களுக்குத் தீங்கு செய்கிற ஆள் நான் இல்லை, ஐயா. அதனால் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பதினோராவது தூணுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தேன். ஈரம், ஒட்டிக்கும், தள்ளி நில்லுங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒரு குழந்தை கைவைக்கப் போனபோது அதைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தேன். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

சனிக்கிழமை கூட்டம் இறங்கிய பிறகு இழுத்துப் பார்த்தேன். நான்காவது திருகாணி மட்டும் விடாப்பிடியாக இருந்தது. அதற்கு ஸ்பேனர் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு புதுமணத் தம்பதியோடு வந்தார். எப்படிச் சாய வேண்டும் என்று அவர் வாயால் சொல்வதில்லை. முதலில் தானே சாய்ந்து காட்டுவார்: முதுகு வளைந்து, இரண்டு கையும் விரிந்து, தலை பின்னால். எல்லோருக்கும் அப்படித்தான். அவருடைய அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நான் இதை நினைத்தே இருக்கமாட்டேன்.

"அட, துணி போயிடுச்சே" என்றார்.

"வியாழக்கிழமை வெல்டர் வந்துட்டுப் போயிட்டாரு, மாப்பிள்ளை."

"அப்ப தைரியமா சாயலாமா?"

"தாராளமா."

என் மகள் அப்போது வெள்ளி வட்டத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கை நின்றது. கணவனைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவர் சாய்ந்துவிட்டார். கம்பி முனகியது. தூணும் அவரும் சேர்ந்தே போனார்கள். அவர் கூப்பிடவில்லை. அத்தனை பேசுகிறவர் அந்தச் சமயத்தில் ஒன்றும் சொல்லாமல் போனது எனக்கு வியப்பாக இருந்தது. கீழே நகரம் எப்போதும் போல நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு அந்த மணப்பெண் அலற ஆரம்பித்தாள்.

மருத்துவமனையில், பிணவறைக்கு வெளியே மர நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கி வந்து நீட்டினேன். வாங்கவில்லை.

"பத்தொன்பது வருஷத்துல நீங்க யாருக்கும் 'தாராளமா'ன்னு சொன்னதில்லையேப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு எப்போதுமே சுருக்கமாகப் பேசத் தெரியும்.

இதை அவள் உங்களிடமும் சொன்னாள். துக்கத்தில் நிலைதடுமாறிப் பேசுகிறாள் என்று எழுதிக்கொண்டீர்கள். அவள் நிலைதடுமாறுகிறவள் அல்ல. நான் வளர்த்த பெண். பன்னிரண்டாவது தூணில் புதிதாகப் பற்றவைத்த தழும்பைப் பார்த்து, வெல்டர் தூண் மாறிப் பற்றவைத்துவிட்டார் என்று முடிவு செய்தீர்கள். துணி அங்கேதான் இருந்தது என்று அவர் உங்கள் மேசைமுன் நின்று அழுதார். பதினொன்றில்தான் கட்டினேன் என்று நான் சொன்னேன். அது உண்மைதான், திங்கட்கிழமையைப் பொறுத்தவரை.

இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம்தான் அறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில், பழுது சரிசெய்யப்பட்டதா என்று காவலாளி சோதிக்கத் தவறியது கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்கள். நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை எதுவும் சொல்லுங்கள், ஐயா. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு காலைகூட அந்தத் தூண்களைத் தொடாமல் நான் விட்டதில்லை. அன்று காலையும் தொட்டேன். முப்பத்தாறில் முப்பத்தைந்து உறுதியாக இருந்தன. பதினொன்று எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அப்படியே இருந்தது. அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது; அவர் இறந்தார். வெல்டருக்கு இரண்டாண்டுத் தண்டனை. அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் புதுமணத் தம்பதி ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்வி. காட்சிமுனையைப் பூட்டிவிட்டார்கள், சாவி என்னிடம் இல்லை. என் மகள் மாமியாரோடு வேறொரு நகரத்தில் இருக்கிறாள். இரண்டுமுறை வீடு மாற்றிவிட்டாள். என் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வருகின்றன. கோபம் தணிந்ததும் வருவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.