பார்க்கிங் எத்தினை?

லோரன்ஸ் வீதிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். காரில் கூட்டிப் போவதாகச் சொன்ன அவர்களது மகன் வரவில்லையாம். நூலகத்தில் நடந்த கூட்டம் முடிந்து மூவரும் ஒரே தரிப்பிடத்தில்தான் ஏறினோம். கறுப்பின மக்கள் தாமே திட்டமிட்டுக் கட்டிய ஊர்களின் வரலாறு பற்றிய கூட்டம் அது.

“நிலம் தரமாட்டம் எண்ட சனத்துக்கு நடுவில ஊர் கட்டின கதை சொல்லுகினம். நீங்கள் கையைத் தூக்கி, வீட்டுக்கு எத்தினை பார்க்கிங் எண்டு கேக்கிறியள்!” என்றார் மனைவி.

“நோட்டீஸில ‘பிளான்ட் டவுன்’, திட்டமிட்ட ஊர் எண்டு கிடந்தது. பிக்கரிங்கில நாங்கள் புக் பண்ணின டவுன்ஹவுஸைக் கட்டிற கொம்பனிக்காரரின்ர கூட்டமெண்டு நினைச்சிட்டனப்பா.”

“பாவம், மேடையில பேசின அந்தப் பிள்ளை. சிரிக்காமல், குதிரை கட்ட இடமிருந்தது சேர் எண்டு சொல்லிச்சுது.”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அவை பள்ளிக்கூடம், தேவாலயம், அயல் எல்லாம் யோசிச்செல்லோ கட்டினவை. அவ்வளவு தூரத்தில, பிக்கரிங்கில நான் ஆரோட கதைக்கிறது? எனக்குக் கார் ஓடவும் தெரியாது.”

“புக் பண்ணேக்க ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் நல்ல சந்தோசமா நிண்டியள்.”

இரண்டு தரிப்பிடங்கள் கழிந்தன.

“அப்ப உது வேண்டாம். உம்மட சிநேகிதியள் இருக்கிற வெக்ஸ்போர்ட்டிலயே இருப்பம்.”

“கட்டின காசு திரும்பி வராதெல்லே?”

“ஓம், வராது,” என்றார் கணவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு. “ஐயாயிரம் டொலர்.”