சுகரை ஜெயித்த அண்ணாச்சி

டீக்கு நன்றி சார். சீனி போட்டிருந்தால் மட்டும் வேண்டாம். தவறாக நினைக்காதீர்கள், பல வருடப் பழக்கம்.

எனக்கு வந்தது டைப் டூ. சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் டாக்டர் மாத்திரை எழுதினார். நான் ஐந்தருவிச் சாலையில் தினமும் நடந்தேன், சோற்றைக் குறைத்தேன், கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைத்தேன். கடைசியில் டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இன்றைக்குத் தென்காசியில் சுந்தரபாண்டியன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சுகரை ஜெயித்த அண்ணாச்சி என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டுப் பேசினேன். நிறையப் பேருக்கு நல்லது நடந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் ஒரே மகள் குழல்வாய்மொழி. வீட்டில் குழலி. எட்டாம் வகுப்பில் திடீரென்று இளைத்தாள். வாந்தி, மூச்சிரைப்பு, வாயில் கனிந்த பழத்தின் வாசனை. டாக்டர் என்னைத் தனியே உட்காரவைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க ஒடம்புல இன்சுலின் சுரக்குது, சரியா வேல செய்யல. இந்தப் பிள்ளைக்குச் சுரக்கவே இல்ல. இது டைப் ஒன். நடந்தாலும் பத்தியம் இருந்தாலும் சரியாவாது. ஊசிய ஒரு நாளும் நிறுத்தப்படாது."

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று என் வக்கீல் சொல்வார். நம்பாதீர்கள்.

குழலி கல்லூரிக்குப் போனாள். தானே ஊசி போட்டுக்கொண்டு கூட்டாளிகளோடு அருவிக்குப் போய் வந்தாள். அல்வாகூடத் தின்றாள், அதற்குத் தக்கபடி மருந்தைக் கூட்டிக்கொண்டாள். ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். எனக்குச் சிரமமாக இருந்தது அதுதான்.

போன மாதம் ஆலங்குளத்துக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் சொல்லுதியளே, ஒங்க மவ இன்னும் ஊசி போடுதாளாமே?"

மண்டபம் சிரித்தது. "இந்தச் சாரல் சீசன் முடியதுக்குள்ள நிறுத்திருவா" என்றேன். கைதட்டினார்கள்.

வீட்டில் சொன்னபோது குழலி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்பா, ஒங்களுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேற. ஊசி இல்லன்னா நான் செத்துருவேன். தெரியும்லா?"

"தெரியும்ட்டி" என்றேன்.

என் மனைவி பார்வதியம்மாள் அவள் அக்காவைப் பார்க்க வாசுதேவநல்லூர் போயிருந்த சமயம். குழலி குளிக்கப் போனதும், ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் குப்பிகளிலிருந்து மருந்தை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஏற்றி வைத்தேன். குழாய்த் தண்ணீர் அல்ல. கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டியது. மகள் உடம்பில் ஏறப்போவது அல்லவா.

மறுநாள் அவளுடைய மீட்டர் உச்சத்தைக் காட்டியது. மிஷின் கோளாறாக இருக்கும் என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் வாந்தி. மூச்சு வேகமாக வந்தது. அந்தப் பழ வாசனையும் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. பழைய மருந்தெல்லாம் ஒடம்ப விட்டுப் போவுது" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிட்டுப் பதறவைப்பாள் என்று அவளுடைய ஃபோனை வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பேச்சு நின்றுவிட்டது. ஊரிலிருந்து திரும்பிய பார்வதியம்மாள்தான் கத்தி ஆட்டோவைக் கூப்பிட்டாள். பிந்திவிட்டது என்றார் டாக்டர். குப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தவரும் அவர்தான்.

மருந்தை எடுத்தது நான். என் மகள் செத்தது அதனால்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் இரண்டு நாள் அவள் ஊசி மருந்து இல்லாமல் இருந்தாள் சார். அதை ஏன் ஒருவரும் பேச மாட்டேன் என்கிறார்கள்?

பார்வதியம்மாளுக்கும் சர்க்கரை எட்டிப்பார்க்க ஆரம்பித்திருக்கிறது. இந்தத் துக்கத்தில் கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்வாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாமீன் கேட்பது அதற்காகத்தான், எனக்காக அல்ல.