வாசிகசாலைப் பலகையில் ஒரு பெயர்

— உந்தக் கொப்பியை அங்காலை வை, பாறூக். கருவாட்டு மணம் குசினி மட்டும் போகுது. நாளைக்கு என்ரை கடைசி மகள் கமலாசனிக்குக் கலியாண எழுத்து. பரந்தனிலையிருந்து மாப்பிள்ளை பகுதி வரப்போகுது எண்டு சாணி போட்டு மெழுகி வைச்சிருக்கிற வீடு.

— கருவாடு சுத்த வந்த பேப்பரிலை வெட்டி ஒட்டினது, இராசேஸ்வரியம்மா. மணக்கத்தானே செய்யும். ஒருக்காக் கேளுங்கோ. கேட்டுப்போட்டுப் போடா எண்டால் போறன்.

— ஏழு வருசமா இந்தப் படலையடிக்கு வராத ஆள். கண்டறியாத கிரிக்கெட்டுக் கதை சொல்லவோ முல்லைத்தீவிலையிருந்து பஸ் ஏறி வந்தனீ?

— வாப்பா மவுத்தாப் போனார், அம்மா. நாப்பதாம் நாள் கத்தமும் முந்தநாள் ஓதி முடிஞ்சுது.

— முத்தலிப் நானாவோ? ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

— ஆர் சொல்லுறது? இந்தக் கொலனியிலை வீடு வீடாச் சைக்கிளிலை துணிக்கட்டு கொண்டுவந்த மனிசன். உங்கடை மூத்த மகளின்ரை சாமத்தியச் சீலைகூட அவர் தெரிஞ்செடுத்துத் தந்ததுதான். உங்கடை மகன் தவராசா செத்த பிறகு அவருக்கு ஒரு படலையும் திறக்கேல்லை. ஒரு வருசம் வெறுஞ் சைக்கிள் உருட்டிப் பாத்தார். பிறகு சந்தியிலை எடுத்த அறையையும் விட்டுப்போட்டு முல்லைத்தீவுக்குப் போய்க் கருவாடு கட்டினார்.

— நானாவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. என்ரை பிள்ளையைத் தின்னது அவரின்ரை துணிக்கட்டில்லை, உன்ரை பந்து.

— ஓம். அதுக்குத்தான் வந்தனான்.

— கமலாசனி! வந்த ஆளுக்குத் தேத்தண்ணி வை, பிள்ளை.

— தண்ணி கொதிக்குது அம்மா. பாறூக் அண்ணைக்குச் சீனியோ, பனங்கட்டியோ?

— எது கிடந்தாலும் சரி, தங்கச்சி.

— சரி, சொல்லு. என்ன வேணும் உனக்கு?

— கண் மூட முதல் வாப்பா கேட்டது ஒண்டே ஒண்டு. “வாசிகசாலைப் பலகையிலை கிடக்கிற உன்ரை பேரை அழிக்கச் சொல்லிக் கேள் மகன், அவ பெத்த மனிசி, அவ சொன்னால் அழிப்பினம்” எண்டார். என்ன எழுதிக் கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியும். “சி. தவராசா, 1953ஆம் ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் 512 ஓட்டங்கள். பாறூக்கின் பந்து பட்டு மரணம்.” முதல் வரி அவன்ரை. அது கிடக்கட்டும். ஏழு வருசமா இந்தப் பக்கத்திலை ஒருத்தனும் நானூறைக்கூடத் தாண்டேல்லை. கடைசி வரியை மட்டும் அழிக்கச் சொல்லுங்கோ.

— ஏன், பொய்யோ எழுதிக் கிடக்கு? நீ பந்து போடேல்லையோ? அது அவன்ரை நெஞ்சிலை படேல்லையோ? அண்டைக்குச் சித்திரை வருசம். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போன பிள்ளையைக் கதவுப் பலகையிலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவை.

— தூக்கினதிலை நானும் ஒருத்தன், அம்மா.

— உன்னை ஆர் தூக்கச் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லுறன் கேளுங்கோ. இதிலை பாருங்கோ. இங்கிலாந்திலை லோட்ஸ் எண்டு ஒரு மைதானம். ஆயிரத்து எண்ணூற்று எழுவதாம் ஆண்டு. சமர்ஸ் எண்டு ஒருத்தன், இருபத்தைஞ்சு வயசு. பிளாற்ஸ் எண்டவன் போட்ட பந்து தலையிலை பட்டு நாலஞ்சு நாளிலை சீவன் போயிட்டுது.

— எனக்கென்ன வந்தது அவனாலை?

— பந்து போட்டவன் அதுக்குப் பிறகு வேகப் பந்தே போடேல்லையாம். மெதுப் பந்துக்கு மாறிட்டானாம். செத்தவனுக்குக் கிளப்புக்காரர் கல்லு வைச்சவை. அந்தக் கல்லிலை எழுதினது இந்தத் துண்டிலை அப்பிடியே கிடக்கு. நல்ல ஆட்டக்காரன், அகாலத்திலை வந்த விபத்து, எங்களுக்கு வருத்தம், அவ்வளவுதான். போட்டவன்ரை பேர் இல்லை, அம்மா. விபத்து எண்டு மட்டும்.

— வெள்ளைக்காரன்ரை கல்லு வெள்ளைக்காரனோடை. நீ என்ன, ஊர் உலகத்துச் சாவெல்லாம் பொறுக்கிக் கொப்பியிலை ஒட்டி வைச்சிருக்கிறியோ?

— ஓம். வேறை என்ன செய்யிறது? இவன் ஆச்சி ஜக்சன், அவுஸ்திரேலியாக்காரன். பத்தொன்பது வயசிலை முதல் ரெஸ்டிலை நூற்று அறுபத்துநாலு. இருபத்திமூண்டிலை சயரோகம் கொண்டு போட்டுது. இவன் கொலி சிமித், வெஸ்ற் இண்டீஸ். போன வருசம் கார் அடிபட்டு, இருபத்தாறு வயசு. தவராசாவுக்குப் பத்தொன்பது. அவனுக்கும் ஒரு பக்கம் விட்டிருக்கிறன். ஒன்பது ஆட்டமும் எழுதிக் கிடக்கு, எந்த ஆட்டத்திலை எத்தினை ரன் எண்டு. கடைசி ஆட்டத்திலை முப்பத்தெட்டு.

— என்ரை பிள்ளையை உந்தக் கருவாட்டுக் கொப்பியிலை வைக்க நீ ஆர்?

— நான் அவன்ரை கூட்டாளி. அவன் கொலனி ரீம், நான் சந்தி ரீம். எண்டாலும் பின்னேரத்திலை ஒண்டாத்தான் குளத்தடியிலை பந்து போட்டுப் பழகினனாங்கள். அவனுக்கு என்ரை சுழல் பந்து பிடிக்கும். “இன்னும் கொஞ்சம் சுத்து, பாறூக்” எண்டுவான்.

— காணும். நிப்பாட்டு.

— ஊரிலை இப்ப அதைப் பேய்ப் பந்து எண்டினம். இடி மாதிரி வந்ததாம். என்னாலை வேகமாப் போடவே ஏலாது, அம்மா. சின்னப் பிள்ளையும் ஏந்தக்கூடிய பந்து. எனக்குப் பேசின கலியாணம் இரண்டு குழம்பிச்சு. ஆளைக் கொன்ற கை எண்டு சொல்லிப்போட்டினம். மூண்டாவது இடத்திலை அந்தப் பெட்டையின்ரை வாப்பா இஞ்சை கிளிநொச்சிக்கே வந்து பலகையைப் படிச்சுப்போட்டுப் போனார். அதோடை சரி.

— உனக்குக் கலியாணம் இல்லை எண்டு அழுறாய். எனக்கு அந்தப் பிள்ளையே இல்லை.

— இன்னும் ஒண்டே ஒண்டு வாசிக்கிறன். இது போன வருசம் தை மாசம், கராச்சியிலை. அப்துல் அசீஸ் எண்டு ஒரு பெடியன், பதினேழு பதினெட்டு வயசு. ஹனீப் முகம்மது நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது அடிச்சவரெல்லோ, உலகத்திலை ஆரும் அடிக்காத ரன், அந்த ஆட்டத்திலை இந்தப் பெடியனும் ஆடினவன். அடுத்த ஆட்டத்திலை சுழல் பந்து, மெதுவா வந்த பந்து, நெஞ்சிலை பட்டது. அடுத்த பந்துக்கு நிக்கேக்கை விழுந்தான். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சுது. தவராசா மாதிரியே, அம்மா. அச்சொட்டா அப்பிடியே.

— அதுக்கு?

— எங்கடை கருவாட்டுக் கடைக்கு வாற, வைத்தியம் பாக்கிற அப்போதிக்கரி ஒருத்தருக்கு இதைக் காட்டினனான். அவர் சொல்லுறார், நல்ல நெஞ்செண்டால் உப்பிடி மெதுப் பந்து பட்டு நிண்டுபோறது அருமை, முதலே உள்ளுக்கை ஏதோ நோய் வருத்தம் இருந்திருக்கும், வீட்டுக்காரர் மறைச்சிருப்பினம் எண்டு.

— எந்த அப்போதிக்கரி?

— பேர் எனக்குத் தெரியாது. வயசு போன மனிசன்.

— முந்தி இஞ்சை இருந்தவரோ? கட்டை மனிசன், கண்ணாடி போட்டவர்? அந்தக் கட்டையிலை போவார் சாமிப்படத்துக்கு முன்னாலை என்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினவர், ஒரு குருவிக்கும் சொல்லமாட்டன் எண்டு! நீயும் நாளைக்கு எழுத்து எண்டு நாள் பாத்துத்தான் வந்திருக்கிறாய். என்னடா, வெருட்டவோ வந்தனீ?

— அம்மா, நான் கராச்சிப் பெடியனைப் பற்றித்தான் சொன்னனான்.

— என்ன?

— கடைக்கு வாற அப்போதிக்கரி நெட்டை மனிசன். கண்ணாடியும் இல்லை. நீங்கள் ஆரைப் பற்றிக் கதைக்கிறியள்?

— ஒண்டுமில்லை. எழும்பிப் போ.

— தவராசாவுக்கு நெஞ்சிலை வருத்தமோ?

— மெல்லக் கதை. குசினிக்கை பெட்டை நிக்கிறாள்.

— அல்லாஹ்வே! சொல்லுங்கோ, அம்மா. வருத்தமோ?

— பதினாறு வயசிலை காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கினது. குழாய் வைச்சுப் பாத்துப்போட்டு அப்போதிக்கரி சொன்னார், நெஞ்சு பழுதாப் போச்சு, ஓடிப் பாயக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது எண்டு.

— பிறகேன் விளையாட விட்டனீங்கள்?

— எப்பிடி மறிக்கிறது? நீயே சொல்லு. கொலனி முழுக்கத் தூக்கி வைச்சு ஆடுற ஆட்டக்காரனைத் தாய் மறிச்சால், ஏன் மறிக்கிறாய் எண்டு நாலுபேர் கேப்பினமெல்லோ? மூண்டு பெட்டையள் எனக்கு. நெஞ்சு வருத்தக்காரக் குடும்பம் எண்டு ஒரு வாய் சொன்னால் ஒரு நாயும் படலை திறந்து சம்பந்தம் கேட்டு வராது. வயலிலை மட்டும் பாரம் தூக்க விடேல்லை. விளையாட்டுத்தானே, சும்மா மட்டை பிடிக்கிறதுதானே எண்டு நினைச்சன். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து வருசா வருசம் பொங்கினன்.

— அவனுக்குத் தெரியுமோ?

— சொல்லேல்லை. சொன்னால் ஆருக்கும் உளறிப்போடுவான்.

— அவன் எனக்கு “இன்னும் கொஞ்சம் சுத்து” எண்டவன். அவனுக்கே தெரியாது!

— தம்பி, மெல்ல.

— இப்பத்தான் தம்பியோ? என்ரை வாப்பா உங்கடை படலையடியிலை நிண்டு கூப்பிட, உள்ளுக்கை இருந்துகொண்டு ஆளில்லை எண்டு சொல்லுவிச்சனீங்கள். அப்பவும் உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— பலகையிலை அந்த வரி எழுதேக்கையும் தெரியும்.

— அதை எழுதுவிச்சது வாசிகசாலைக்காரர் இல்லை, நான். அவை ரன்னை மட்டும்தான் எழுதினவை. செத்த வீட்டிலை ஒரு கிழவி கேட்டாள், இவ்வளவு சின்னப் பந்து பட்டோ ஒரு இளந்தாரி சாவான் எண்டு. ஆரும் திருப்பிக் கேக்காமல் பெயின்ராலை எழுதிப்போடுங்கோ எண்டு நான்தான் நிண்டு எழுதுவிச்சன்.

— பழி ஓரிடம், பாவம் ஓரிடம் எண்டு வாப்பா சொல்லுவார். மற்ற ஆக்களுக்குச் சொல்லுறார் எண்டு நினைச்சன். சாகேக்கையும் அந்த மனிசன் உங்களைத்தான் நல்ல மனிசி எண்டார்.

— என்னைச் செருப்பாலை அடி. இந்தா, அடி. நான் பேய்ச்சி. ஆனால் நாளைக்கு ஒருநாள் பொறு. இரண்டு பெட்டையளைக் கரைசேத்துப்போட்டன். இவள்தான் கடைசி. பரந்தன் மாப்பிள்ளை நல்ல பெடியன், ஒரு கெட்ட பழக்கம் இல்லை. எழுத்து முடிஞ்சு தாலியும் ஏறட்டும், நானே ஏணி வைச்சு ஏறி உன்ரை பேரைச் சுரண்டுறன். அம்மாளாணை.

— பரந்தனுக்கு இப்ப பஸ் இருக்கு. இறங்கி மாப்பிள்ளை வீடு எது எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம்.

— ஐயோ தம்பி! உன்ரை காலிலை விழுறன்.

— விழாதேங்கோ. எழும்புங்கோ அம்மா. எழும்புங்கோ எண்டுறன்! எனக்குக் குழம்பின மாதிரி இன்னொரு பிள்ளைக்குக் குழம்பக் கூடாது. கமலாசனி என்ன பாவம் செய்தாள்? அவள் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை எங்களுக்குப் பந்து பொறுக்கித் தந்தவள். அவளுக்காக, அல்லாஹ் அறிய, நான் வாய் திறக்கமாட்டன். நாளைக்கும் இல்லை, பிறகும் இல்லை. பேரும் அப்பிடியே கிடக்கட்டும். வாப்பாவின்ரை கபுறடிக்குப் போய், கேட்டனான், தாயார் மறுத்துப்போட்டா எண்டு சொல்லுறன்.

— நீ நல்லா இருப்பாய், ராசா. உன்ரை வாப்பாவின்ரை குணம் அப்பிடியே உனக்கு. தவராசாவோடையே அந்த வருத்தம் போயிட்டுது. இனி இந்த வீட்டிலை ஒண்டும் இல்லை. கமலாசனி, எங்கை பிள்ளை தேத்தண்ணி?

— இந்தாங்கோ, பாறூக் அண்ணை. குடிச்சுப்போட்டு நேரை பரந்தனுக்குப் போங்கோ. அந்தச் சத்தியம் எனக்கு வேண்டாம்.

— விசரே உனக்கு? உள்ளுக்கை போடி! நீ என்னத்தைக் கேட்டனீ?

— எல்லாம் கேட்டன். பாறூக் அண்ணை, அங்கை போய் அண்ணாவைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ. அவர் போய்ச் சேந்திட்டார். என்னைப் பற்றிச் சொல்லுங்கோ.

— உன்னைப் பற்றி என்ன, தங்கச்சி?

— போன மாசம் அம்மா என்னைக் காய்ச்சலுக்கெண்டு இப்ப இருக்கிற அப்போதிக்கரியட்டைக் கூட்டிக்கொண்டு போனவா. என்ரை நெஞ்சிலை குழாய் வைச்சுப் பாத்துப்போட்டு என்னை வெளியிலை இருக்கச் சொன்னவர். கதவு சாத்தேல்லை. இவளுக்கும் நெஞ்சு பழுது, பிள்ளைப்பேறு கூடாது எண்டவர். அண்ணாவுக்குச் சொல்லாத மாதிரித்தான், அம்மா எனக்கும் இன்னும் சொல்லேல்லை.