ஒரு தலை குறைந்தால்

உட்காருங்கள். மின்விசிறி போடவில்லையே என்று நினைக்காதீர்கள். ஜன்னல் காற்றே போதும் என்று பழகிவிட்டோம். பழகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கார்பன் கணக்கு ஒரே வாரத்தில் ஏன் இப்படி எகிறியது என்று விசாரிக்கச் செயலி நிறுவனம் உங்களை அனுப்பியிருக்கிறது. ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். ரொம்ப நல்ல செயலி உங்களுடையது. பஸ்ஸில் போனால் மதிப்பெண்ணாக ஒரு பச்சை இலை தருகிறது, கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டாலும் இலை தருகிறது. வீட்டின் மொத்தக் கார்பனை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, குடியிருப்பிலேயே குறைந்த கார்பனில் எந்த வீடு முதலிடம் என்று தினமும் காட்டுகிறது. போன மழைக்காலத்திலிருந்து நாங்கள்தான் முதலிடம். எதிர்வீட்டுப் பல் மருத்துவர் இரண்டாமிடம். படியில் என்னைப் பார்த்தாலே அவர் முகம் சுண்டிப்போகும். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது.

எல்லாம் என் மச்சினனால் வந்தது. மனைவியின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறான். பரம சாது. வேலைக்கு நடந்தே போவான், போட்டதைச் சாப்பிடுவான். அவனால் ஆகும் கார்பன் கடுகளவு. ஆனால் வகுக்கும்போது அவனும் ஒரு முழு ஆள்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, மூக்குக்கண்ணாடிக் கடையில ஒரு பொண்ணு... ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டு தனியா வீடு பார்க்கலாம்னு..."

மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. மூன்றால் வகுப்பதை இனி இரண்டால் வகுக்க வேண்டும். பல் மருத்துவர் அத்தனை பல்லும் தெரியச் சிரிப்பார்.

அந்தப் பெண்ணை நானே வீட்டுக்கு அழைத்தேன். தங்கமான பெண். பையன் குறட்டை விடுவான் என்றேன். "எங்கப்பாவும்தான் விடுவாரு" என்று சிரித்தாள். சம்பளம் குறைச்சல் என்றேன். "அதான் நானும் சம்பாதிக்கிறேனே" என்றாள். வேறு வழியில்லாமல் செயலியைத் திறந்து, அவன் தண்ணீர் செலவைக் காட்டினேன். வாரத்துக்கு ஒரு குளியல், அரை வாளி.

வெகுநேரம் பார்த்தாள். "எல்லா வாரமுமா?"

"ஒரு வாரம்கூடத் தவறினதில்லம்மா."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. குளியலறைச் சாவி என் இடுப்பில் இருந்ததை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கல்யாணம் நின்றுபோனது. விஷயம் தெரிந்ததும் மனைவி, "நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். விமானத்தில், இந்த வீட்டுக் கணக்கில். மச்சினன் என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கி வெந்நீர்க் குழாயைத் திறந்தவன்தான், இன்னும் மூடவில்லை. அதோ, அந்தச் சத்தம்தான்.

தப்பு என் மேல்தான். அவன் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கெடுத்தவனே ஒரு பெண் பார்த்துக் கட்டிவைப்பதுதானே நியாயம். அவன் நல்லதுக்காக நாயாய் அலைகிறேன். பெண் இந்த வீட்டிலேயே வந்து இருந்தால் போதும், வேறு எதுவும் எதிர்பார்க்கவில்லை.

உங்களுக்குத் தங்கை யாராவது இருக்கிறார்களா? வெந்நீரில் குளிக்கும் பழக்கம் உண்டா?