கிணற்றடியில் இறங்காத டிரோன்

'இன்னைக்கு ஒரு நாள் வாசல்லயே இறக்கிட்டா என்ன?'

யாரினா அப்படித்தான் நினைத்தாளாம். நம் ஸ்லாவாவின் பெரியம்மா மகள், போர்முனையில் டிரோன் ஓட்டுகிறவள். மெழுகுவர்த்தியை இன்னும் கிட்டே வையுங்கள், சொல்கிறேன்.

மாலை நாலரை. ஜனவரி இருட்டு. சூரியகாந்தி வயலை ஒட்டிய சாலையில் ஒரு நாய்கூட இல்லை. இடிந்த வீட்டின் நிலவறையில் அவள் தனியே... முளைவிட்ட உருளைக்கிழங்கின் வாடை. டிரோன் காட்டுவதைத் திரையில் பார்த்து, குண்டு எங்கே விழுகிறது என்று பீரங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியும்வரை மாற்றாள் வர முடியாது.

டிரோனை ஏற்றுவதும் இறக்குவதும் இருநூறு மீட்டர் தள்ளி, கிணற்றடியில்தான். எதிரியின் டிரோன் பின்னாலேயே வந்தால் நிலவறை தெரிந்துவிடும். கூட்டாளி ஹ்னாத், ஒன்பது நாளுக்கு முன், குளிருக்குச் சோம்பி வாசலில் இறக்கினான்... குண்டு விழுந்து படியிலேயே செத்தான்.

ரேடியோ கரகரத்தது. பீரங்கிக்கார டனிலோ.

"அக்கா, தூங்கிட்டியா? எங்க விழுந்துச்சு?"

"இருபது மீட்டர் இடது பக்கம் தள்ளிப் போடு. இரு... ரோட்டுல ஒருத்தன்."

சூட்டைக் காட்டும் திரை அது. உயிருள்ளதெல்லாம் வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்ததெல்லாம் கறுப்பாக. இவன் கறுப்பு. பனியைவிடக் கறுப்பு. இடது காலை இழுத்து இழுத்து... ஹ்னாத்தின் நடை.

"இடத்தச் சொல்லுக்கா, தூக்கிடுறோம்."

அவன் கிணற்றைத் தாண்டி, அவள் தலைக்கு நேர் மேலே, வாசலில் வந்து நின்றான். அங்கே குண்டு கேட்டால் அவளுக்கும் அதுதான் குழி. வெளியே போக இருப்பதும் அந்த ஒரே கதவு.

டக்... டக்...

"யாரினா, கிணத்தடி வரைக்கும் யாரு நடக்கிறது? வாசல்லயே இறக்குடி. குளிருது."

அவள் விரல் அசையவில்லை. ஆனால் டிரோன் தானாகவே திரும்பி வரத் தொடங்கியது. இறங்கும் இடமாக அவள் குறித்து வைத்தது கிணற்றடியை. திரையில் இப்போது அந்தக் குறி... வாசலில்.

டிரோனின் மோட்டாரை அந்தரத்திலேயே நிறுத்தினாள். வயலில் எங்கோ தொப்பென்று விழுந்தது. திரை அணைந்தது. நிலவறை முழுக்க இருட்டு. தட்டும் சத்தமும் நின்றது.

அப்பாடா என்று மூச்சை விட்டவளுக்கு... நனைந்த கம்பளி வாடை. வெடிமருந்து வாடை. உருளைக்கிழங்கு மூட்டைப் பக்கமிருந்து, மிக அருகில், அதே குரல்.

"உன் பிடிவாதம் இருக்கே! சரி, விளக்கையாவது போடு. உன் மூஞ்சியப் பாக்கணும்."

அவள் திரும்பவில்லை. விளக்குச் சுவிட்சுவரை போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம், ஹ்னாத்," என்றாள்.